சிங்கப்பூர் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு நாமே விண்ணப்பிக்கலாமா?

முடியாது. இ.பி. என்று சொல்லப்படும் எம்ப்ளாய்மென்ட் பாஸ், படித்த வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க சிங்கப்பூர் மனிதவள அமைச்சு தரும் அனுமதி. விண்ணப்பிக்க வேண்டியது வேலை தரும் நிறுவனம், அல்லது அது நியமித்த ஏஜென்சி.

முதலில் பார்ப்பது சம்பளம். 2025 ஜனவரி முதல் புது விண்ணப்பங்களுக்கு மாதம் குறைந்தது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித்துறையில் 6,200. வயது கூடக்கூட இதுவும் கூடும். குறைந்த கூலிக்கு வெளியாள் வைத்து உள்ளூர்க்காரர் வேலையைப் பறிக்கக் கூடாது, அதுதான் காரணம். நம் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், மணி எவ்வளவு திரட்சியாக இருந்தாலும் எடை போட மாட்டார்கள் இல்லையா? அதே மாதிரி, சம்பளம் குறைந்தால் பட்டம் உதவாது.

அப்புறம் காம்பஸ் என்ற புள்ளி முறை. பெரும்பாலோருக்கு 40 புள்ளி வேண்டும். சம்பளமும் படிப்பும் உங்களுடையவை. நிறுவனத்தில் எந்த நாட்டவர் எவ்வளவு, உள்ளூர்க்காரர் எவ்வளவு என்பதற்கான புள்ளிகள் உங்கள் கையில் இல்லை. தகுதியானவருக்கும் இதனால் மறுப்பு வரலாம். மனம் உடைய வேண்டாம்.

"பணம் கட்டினால் இ.பி. உறுதி" என்று மன்னார்குடியில் சொன்னாலும் கும்பகோணத்தில் சொன்னாலும் நம்பாதீர்கள்: பணத்துக்குப் புள்ளி கிடையாது, ஐ.பி.ஏ. என்ற முதற்கட்ட ஒப்புதல் கடிதம் உண்மையா என்பதை அமைச்சின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.