1992-95 போஸ்னியப் போரில் ஒரே பக்கம் நின்ற குரோவாசியரும் போஸ்னியாக்குகளும் ஏன் மோதிக்கொண்டார்கள்? வென்றது யார்?

1992 ஜூனில் தெற்கே ஹெர்செகோவினா வட்டாரத்தின் மொஸ்தார் நகரப் பகுதியிலிருந்து செர்பியப் படைகளை இவர்கள் இருவரும் சேர்ந்துதான் விரட்டினார்கள். அடுத்த மே மாதம் அதே நகரத்தின் தெருக்களில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குரோவாசியர் பெரும்பாலும் கத்தோலிக்கர், போஸ்னியாக்குகள் பெரும்பாலும் முஸ்லிம்கள்; அதனால் பழைய மதப் பகை என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. போர் வரலாற்றை நான் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற ஆள். இந்தப் போரில் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

முதலில் ஆயுதம். 1991 செப்டம்பரில் ஐ.நா. யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதத் தடை போட்டது. செர்பியர்களிடம் பழைய யூகோஸ்லாவிய இராணுவத்தின் டாங்கிகளும் பீரங்கிகளும் இருந்தன, அவர்களுக்குப் பெரிய நட்டமில்லை. போஸ்னியாக்குகள் பெரும்பான்மையாக இருந்த போஸ்னிய அரசின் இராணுவத்துக்கோ கள்ளத்தனமாக வந்ததுதான் கதி. அதுவும் பெரும்பாலும் குரோவாசியாவுக்குள் இறங்கி, ஹெர்செகோவினாவைக் கடந்து வர வேண்டும். அந்தச் சாலைகள் போஸ்னியக் குரோவாசியரின் படையான எச்.வி.ஓ. வசம் இருந்தன. அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை விடுவார்கள்.

அப்புறம் நிலம். போஸ்னியக் குரோவாசியரின் தலைவர் மாத்தே போபனின் ஆட்கள் 1991 நவம்பரிலேயே 'ஹெர்செக்-போஸ்னா' என்று தனி அமைப்பை அறிவித்துவிட்டார்கள். பின்னால் அதிபர் துஜ்மனின் குரோவாசிய அரசு இருந்தது. 1993 ஜனவரியில் சர்வதேச நடுவர்கள் கொண்டுவந்த வான்ஸ்-ஓவன் சமாதானத் திட்டம் நாட்டை 10 மாகாணங்களாகப் பிரிக்கலாம் என்றது. எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்வதற்கு முன்பே, தங்களுக்கு வரப்போகும் மாகாணங்களில் உள்ள போஸ்னிய இராணுவம் தங்களுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று எச்.வி.ஓ. கெடு வைத்தது. ஏப்ரலில் மறுபடியும் ஒரு கெடு. ஏப்ரல் 16 அதிகாலையில் மத்திய போஸ்னியாவின் லாஷ்வா பள்ளத்தாக்கில் உள்ள அஹ்மிச்சி கிராமத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட போஸ்னியாக்குகளை எச்.வி.ஓ. கொன்றது. அதோடு திரும்பிப் போக வழியில்லை.

இராணுவக் கண்ணோட்டத்தில் எனக்கு மிகவும் சுவாரசியமான இடம் அந்தப் பள்ளத்தாக்குதான். தொடர்ச்சியான போர்முனை என்று ஒன்று கிடையாது. வித்தேஸ், புசொவாச்சா பகுதி எச்.வி.ஓ. கையில்; அதைச் சுற்றி செனிட்சாவைத் தலைமையிடமாகக் கொண்ட போஸ்னிய இராணுவத்தின் 3-ஆம் படைப்பிரிவு; அந்த வளையத்துக்குள்ளே, வித்தேஸ் ஊரின் ஒரு பகுதியான பழைய வித்தேஸில் சிக்கிய போஸ்னியாக்குகளை எச்.வி.ஓ. தனியாக முற்றுகையிட்டிருந்தது. முற்றுகைக்குள் முற்றுகை! இத்தனைக்கும் வித்தேஸில் பெரிய வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஊர் விழும் நிலை வந்தால் அதையே வெடிக்கவைப்போம் என்று எச்.வி.ஓ. மிரட்டியது. ஹெர்செகோவினாவிலிருந்து ஹெலிகாப்டர்கள் வந்துபோயின. 1994 பிப்ரவரிப் போர்நிறுத்தம் வரை அந்த வளையம் உடையவில்லை.

மற்ற இடங்களில் 1993 ஜூனிலிருந்து காற்று திசை மாறியது. ஆள்பலம் அதிகமுள்ள போஸ்னிய இராணுவம் டிராவ்னிக், காகான், புகொய்னோ, நவம்பரில் வாரேஷ் என்று வரிசையாகப் பிடித்தது. அதன் கைகளும் சுத்தமில்லை. செப்டம்பரில் கிராபொவிட்சாவிலும் உஸ்தொலிலும் குரோவாசியக் குடிமக்கள் கொல்லப்பட்டார்கள். மொஸ்தாரில் மட்டும் கதை வேறு. நகரை இரண்டாகப் பிரிக்கும் நெரெத்வா ஆற்றின் கிழக்குக் கரையில் போஸ்னியாக்குகள் மாதக்கணக்கில் குண்டுமழையில் கிடந்தார்கள். நவம்பர் 9 அன்று எச்.வி.ஓ. டாங்கிகளின் தாக்குதலில் 16-ஆம் நூற்றாண்டின் பழைய பாலம் ஆற்றில் விழுந்தது. அந்தப் பாலத்தைப் போராளிகளும் பயன்படுத்தியதால், அது இராணுவ இலக்கா என்பதே ஹேக்கில் இருந்த, யூகோஸ்லாவியப் போர்க் குற்றங்களை விசாரித்த ஐ.நா. நீதிமன்றத்தில் பெரிய விவாதமானது.

மதப் பகைதான் காரணம் என்றால் விளக்க முடியாத ஊர்களும் உண்டு. வடமேற்கே பிஹாச்சில் குரோவாசியர் போஸ்னிய இராணுவத்தின் 5-ஆம் படைப்பிரிவோடு கடைசிவரை சேர்ந்தே நின்றார்கள். செப்சேயில் நேர்மாறு: அங்கே எச்.வி.ஓ. செர்பியர்களோடு கைகோத்து போஸ்னியாக்குகளை அடித்தது.

சரி, வென்றது யார்? மத்திய போஸ்னியாவில் போஸ்னிய இராணுவம் அதிக நிலம் பிடித்தது, ஆனால் முடித்துவைத்தது அமெரிக்க அழுத்தம். 1994 மார்ச் 18-ல் வாஷிங்டன் ஒப்பந்தம் இருவரையும் ஒரே கூட்டாட்சிக்குள் தள்ளியது. 1995-ல் இருவரும் மீண்டும் செர்பியர்களுக்கு எதிராகச் சேர்ந்து போரிட்டார்கள். பாதுகாப்புத் துறை ஒரே அமைச்சகத்தின் கீழ் வர 2006 ஆனது. இன்றும் போஸ்னியாவின் மூன்று காலாட்படை ரெஜிமென்டுகளில் ஒன்று எச்.வி.ஓ. மரபையும், இன்னொன்று போஸ்னிய இராணுவ மரபையும், மூன்றாவது செர்பியப் படையின் மரபையும் சுமக்கின்றன.