பவர் போட்டதும் டிஎஸ்பி முதலில் எங்கே போகிறது?

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஃப்28335 என்ற டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் புராசசர்) சிப் பூட் ஆவது பற்றி வந்த கேள்விகள் இவை. இன்வெர்ட்டர் போர்டுகளில் நான் நாள்தோறும் தொடும் சிப் இது.

கேள்வி: சார், ஜேடேக் (கம்ப்யூட்டரிலுள்ள டீபக்கரைச் சிப்போடு இணைக்கும் இணைப்பு) மாட்டினால் மோட்டார் சுற்றுகிறது. கழற்றிவிட்டுப் பவர் போட்டால் போர்டு அசைவதே இல்லை.

பதில்: ரீசெட் முடிந்ததும் சிப் நேராக உங்கள் புரோகிராமுக்கு வராது. முதலில் பூட் ரோமுக்கு, அதாவது சிப்பிலேயே பதிந்து வரும் தொடக்கப் புரோகிராமுக்குப் போகும். அது ஜிபிஐஓ 84 முதல் 87 வரை நான்கு பின்களைப் பார்க்கும். நான்கும் ஹை என்றால் உங்கள் புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு அனுப்பும். உள்ளேயே புல்-அப் (பின்னை ஹையாக இழுத்து வைப்பது) உண்டு, சும்மா விட்டாலும் ஹைதான். ஆனால் இவையே வெளி மெமரியின் அட்ரஸ் பின்களும்கூட. போர்டில் வேறு ஏதாவது அவற்றைக் கீழே இழுக்கிறதா என்று ரீசெட் நேரத்தில் ஸ்கோப் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஹெக்ஸ் 33எஃப்எஃப்எஃப்6 முகவரிக்குத் தாவும். சிப்பைப் பூட்டும் பாஸ்வேர்டு இடத்துக்கு முன்னால் மிஞ்சியிருப்பது இரண்டு வேர்டு இடம்தான், ஒரு பிராஞ்ச் (வேறிடத்துக்குத் தாவும் கட்டளை) மட்டும் கொள்ளும். எந்தக் கோட் எந்த முகவரியில் என்று சொல்லும் லிங்கர் ஃபைலில், கோட்ஸ்டார்ட் என்ற அந்தத் தொடக்கப் பிராஞ்சை அங்கே வைக்காவிட்டால் சிப் வெற்று ஃபிளாஷில் போய் விழும். டீபக்கர் பூட் ரோமைத் தாண்டி நேராக உங்கள் கோடில் கொண்டு நிறுத்துவதால் ஜேடேக்கில் இந்தத் தவறு தெரியாது.

கேள்வி: ஃபிளாஷ் பில்டில், ஃபிளாஷை அமைக்கும் இனிட்ஃபிளாஷ் வரியில் தொங்குகிறது.

பதில்: அது ராமில் ஓட வேண்டிய ஃபங்ஷன். கூப்பிடும் முன் அதை ராமுக்கு நகலெடுக்க மெம்காப்பி போடுங்கள்.

கேள்வி: அண்ணா, டீபக்கரில் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) ரீடிங் விலகுகிறது. தனியாக ஓடினால் சரி.

பதில்: ஏடிசி காலிபரேஷனைக் கூப்பிடுவது பூட் ரோம். டீபக்கர் அதைத் தாண்டிவிட்டால் நீங்களே கூப்பிட வேண்டும். ஏடிசி கிளாக்கை முதலில் ஆன் செய்யுங்கள், தம்பி.

கேள்வி: ஜேடேக் இல்லாமல் ஓடவில்லை, உதவுங்கள்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டு இடத்தில் பூஜ்யம் நிரப்பலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 128 பிட்டும் பூஜ்யமானால் சிப் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், யாராலும் திறக்க முடியாது. ஃபிளாஷ் அழிக்கும்போது பவரைப் பிடுங்கினாலும் இந்த ஆபத்து உண்டு.

கேள்வி: பெரிய டேபிள் ஒன்று சேர்த்தேன். மெயினுக்கே வராமல் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது.

பதில்: வாட்ச்டாக், அதாவது புரோகிராம் குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர். ரீசெட்டில் அது ஆனாகவே இருக்கும். 30 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் 4.37 மில்லிசெகண்டு அவகாசம். கிளாக்கை வேகமாக்கும் பிஎல்எல் இன்னும் ஓடாத நேரம் அது. டேபிளை நிரப்பி முடிக்கும் முன் நேரம் தீர்ந்துவிடுகிறது. கோட்ஸ்டார்ட்டில் வாட்ச்டாக்கின் கண்ட்ரோல் ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 68 எழுதி நிறுத்துங்கள், மெயினில் மறுபடி ஆன் செய்யுங்கள்.

கேள்வி: இதை ஏற்க மாட்டேன். இன்வெர்ட்டரில் வாட்ச்டாக்கை ஒரு நொடிகூட நிறுத்தக் கூடாது. மெயினுக்கு வராமல் தொங்கினால் யார் காப்பாற்றுவது?

பதில்: தொடங்கும்போது பிடபிள்யூஎம் (மோட்டாரை ஓட்டும் பல்ஸ்) பின்கள் இன்புட்டாகத்தானே இருக்கின்றன, பவர் ஸ்விட்சுகளை இயக்கும் கேட் டிரைவர் அணைந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கேள்வி: தொங்கிய போர்டு தானாக எழுந்திருக்காதே. ஆளில்லாத பம்ப் ஹவுஸில் யார் போய் ரீசெட் அழுத்துவது?

பதில்: நியாயம், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 68க்குப் பதிலாக ஹெக்ஸ் 2எஃப் எழுதுங்கள். வாட்ச்டாக் ஆனாகவே இருக்கும், அதன் கிளாக்கை வகுக்கும் பிரீஸ்கேல் 64 ஆவதால் அவகாசம் சுமார் 280 மில்லிசெகண்டாக நீளும். அந்த எண்ணின் நடுவிலுள்ள மூன்று செக் பிட்கள் 101 ஆகவே இருக்கட்டும், மாறினால் அந்தக் கணமே ரீசெட். மெயினின் முதல் வரியில் ஒரு பின்னை ஹை ஆக்கி, ரீசெட் பின்னோடு சேர்த்து ஸ்கோப்பில் பாருங்கள். வாட்ச்டாக் கடித்தால், அதாவது ரீசெட் செய்தால், ரீசெட் பின் கீழே இறங்குவது தெரியும்.