ஏரி பொது, மீன் யாருக்கு? (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பக்கத்து ஊர் ஏரியில் தூண்டில் போடப் போனால் குத்தகைக்காரரின் ஆட்கள் விரட்டுகிறார்கள். ஏரி பொதுச்சொத்துதானே, பொழுதுபோக்காக நாலு மீன் பிடிப்பதைத் தடுக்க இவர்கள் யார்?
- வாசகர், காட்பாடி

பதில்: ஏரி பொதுதான். ஆனால் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விட்டாகிவிட்டது என்றால், குத்தகைக் காலம் முடியும்வரை அந்த உரிமை ஏலம் எடுத்தவருடையது. கரையில் நடக்கலாம், மாடு ஓட்டிப் போகலாம், மீனைத் தொடுவதற்குத்தான் அவரிடம் கேட்க வேண்டும். அதில் நியாயமும் இருக்கிறது. ஏரியில் விட்டு வளர்க்கிற கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுகிற மீன்கள், தேங்கிய ஏரித் தண்ணீரில் பொதுவாக இனம் பெருக்காது. அதனால் உங்கள் தூண்டில் முள்ளில் மாட்டும் இரண்டு கிலோ கட்லா, யாரோ காசு கொடுத்துக் குஞ்சாக வாங்கி விட்டு, மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே வளர்த்தது. ஏரி நிரம்பாவிட்டால் நஷ்டமும் அவருக்குத்தான். அதற்காக உங்கள் தூண்டிலைப் பிடுங்கி உடைக்கவோ மேலே கை வைக்கவோ அவருடைய ஆட்களுக்கு உரிமை கிடையாது. முன்னாடியே போய்ப் பேசுங்கள். ஜிலேபி மீன் (திலாப்பியா) மட்டும் எடுத்துக்கொள்கிறோம், கட்லா மாட்டினால் விட்டுவிடுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். ஜிலேபி கண்டபடி பெருகி, வளர்ப்பு மீனின் தீனிக்குப் போட்டியாக வருவது அவருக்கும் தலைவலிதான்.

கேள்வி: கடலுக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே, அதை ஏரி, அணைக்கும் கொண்டுவந்தால் என்ன? எங்கள் குழுவில் இதற்காகவே இரண்டு கட்சியாகிவிட்டோம்.
- வாசகர், குடியாத்தம்

பதில்: கொண்டுவர வேண்டும் என்கிற கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதே தேதிகளில் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது கிழக்குக் கடற்கரை விசைப்படகுகளுக்குப் போட்ட தடை. அந்த மாதங்களில் நம் பக்கத்து ஏரிகளில் பாதி வற்றிப் போயிருக்கும். நம் விரால், புது மழைத்தண்ணீர் இறங்கினால்தான் மும்முரமாக இனம் பெருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரையோரப் புல்லுக்குள் கொஞ்சம் நின்று பாருங்கள். செம்மஞ்சள் நிறத்தில் பொடிக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு, மூச்சு வாங்க மேலே வருவதும் இறங்குவதுமாக இருக்கும், தண்ணீர் அந்த ஓர் இடத்தில் மட்டும் கொதிக்கிற மாதிரி தெரியும். அதற்கு அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். அப்போது குஞ்சுக் கூட்டத்தின் மேல் ரப்பர் தவளையை இழுத்தால் பசியே இல்லாவிட்டாலும் பாய்ந்து கவ்வும், குஞ்சைக் காப்பாற்ற. இப்படிப் பிடித்ததைத் தூக்கிக் காட்டிப் படம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. காவல் போனதும் மற்ற மீன்களும் பறவைகளும் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும், அடுத்த வருஷம் "விராலே இல்லை" என்று புலம்புவதும் இதே ஆட்கள்தான். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், குஞ்சு தெரிகிற இடத்தில் முள் போடுவதில்லை என்று உங்கள் குழுவே இன்றைக்கு முடிவெடுக்கலாம். வெடி, விஷம் வைத்துப் பிடிப்பது 1897 மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். அதில் இரண்டு கட்சிக்கு இடமில்லை, பார்த்தால் போலீஸில் சொல்லுங்கள்.

கேள்வி: காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பிக் கோடி போனால், தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் நிற்கவே இடமில்லை, தூண்டில் நரம்போடு நரம்பு சிக்கி அடிதடி வரைக்கும் போகிறது. முதலில் வந்தவருக்கே இடம் என்பது சரிதானா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: சரிதான், ஆனால் ஆளுக்கு ஓர் இடம், ஒரு தூண்டில். விடியற்காலையில் வந்து ஐந்து தூண்டிலை வரிசையாக நட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. அப்புறம், கலங்கல் மேல் தண்ணீர் வழியும்போது அந்தப் பாசிக்கல்லில் யாரும் நிற்கவே கூடாது; 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் போன போக்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிக்கிய நரம்பை அறுத்தால் துண்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கரையில் விட்டால் கொக்கு, நாரையின் காலில்தான் சுற்றும்.