பிளாஞ்ச் பீச்வுட், ஆன்ட் எம்: இரண்டும் ஒருவரே

நீங்கள் கேட்டது: அமெரிக்காவின் யூட்டாவில் மார்மன் கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் நடத்திய 'உமன்ஸ் எக்ஸ்போனன்ட்' பத்திரிகையின் பழைய இதழ்களில் பிளாஞ்ச் பீச்வுட் பெண்ணுரிமைக்காகச் சூடாக எழுதுகிறார், ஆன்ட் எம் பழைய நினைவுகளில் உருகுகிறார், கட்டுரைக்கு யாரை எடுப்பது? இருவரையும் எடுங்கள். இரண்டுமே எம்மலின் பி. வெல்ஸின் புனைபெயர்கள்தான்.

1828இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 15 வயதில் திருமணம். அப்போது மார்மன்கள் குடியேறியிருந்த இலினாய் மாநில ஊரான நாவூவில் முதல் குழந்தை இறந்தது. வெளியூர் போன கணவர் திரும்பவே இல்லை. பிறகு இரண்டு முறை பலதார மணத்தில் மனைவியானார். ஆன்ட் எம்மின் உருக்கம் வெறும் அலங்காரம் இல்லை என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரியும். பெண் தன் காலில் நிற்க வேண்டும் என்று பீச்வுட் அழுத்திச் சொல்வதும் இதே வாழ்க்கையிலிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

1877 முதல் 1914 வரை அவரே அந்த இதழின் ஆசிரியர். யூட்டா பெண்களுக்கு 1870இல் கிடைத்த வாக்குரிமையை 1887இல் அமெரிக்கக் காங்கிரஸ் பறித்தது. 1896இல் யூட்டா மாநிலமானபோதுதான் அது திரும்பக் கிடைத்தது. அவர் கட்டுரைகளை இந்த ஆண்டுகளோடு பொருத்திப் படியுங்கள்.

அப்புறம், அவருடைய நாட்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். மொத்தம் 47 தொகுதிகள், இணையத்தில் இலவசம். ஒரு கட்டுரை வெளியான வாரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று முதலில் அங்கே தேடுங்கள்.