மதுரையிலிருந்து ஒரே நாளில் தூத்துக்குடிக்குச் சென்று வரலாமா? அங்கு பார்க்க என்ன இருக்கிறது?

தாராளமாகச் சென்று வரலாம். மாட்டுத்தாவணியில் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்தால், அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். ஆனால் பிள்ளைகளை அலையில் ஆடவிட்டு மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்பதுதான் நோக்கம் என்றால், திருச்செந்தூருக்கே சென்றுவிடுங்கள். தூத்துக்குடிக் கடல் பெரும்பாலும் கண்மாய்த் தண்ணீர் போல அடங்கிக் கிடக்கும். இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால்தான் கண்ணுக்கு ஏதாவது படும். அந்தக் கதையில் கணிசமான பகுதி மதுரையின் கதை என்பதால் நமக்கு அது சிரமமும் இல்லை.

மதுரைப் பாண்டியருக்குக் கடல் வாசலாக இருந்தது கொற்கை. கோவலனைக் கொன்ற பழியால் நெடுஞ்செழியன் உயிர்விட்டபின், கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன்தான் ஆட்சியை ஏற்றான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகம் காயல் என்ற ஊருக்கு நகர்ந்தது, பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. கொற்கையில் மிகப் பழைய வன்னி மரம் ஒன்றும், அக்கசாலை ஈசுவரமுடையார் கோயிலும் உள்ளன. நேரம் குறைவாக இருந்தால் இதை விட்டுவிடலாம்.

துறைமுகம் இடம் மாறினாலும் முத்து மாறவில்லை. முத்துக்குளித்த பரதவர் 1530களில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கத்தைத் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். 1658இல் ஊர் டச்சுக்காரர் கைக்குச் சென்று, 1825இல் ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது. இத்தனை கைமாற்றங்களுக்கும் சாட்சியாக நிற்பது பனிமய மாதா பேராலயம். இப்போதுள்ள கட்டடம் 1713இல் எழுந்தது. ஆகஸ்டு 5 அன்று திருவிழா; சில ஆண்டுகளில் மட்டும் தங்கத்தேர் ஓடும். அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் இடிபட்டுப் பழகிய நமக்கு அந்த நெரிசல் பெரிதாகத் தெரியாது என்றாலும், ஆற அமரப் பார்க்க விரும்பினால் சாதாரண வார நாளில் செல்வதே நல்லது.

என்னைக் கேட்டால், இந்த ஊருக்குப் போவதற்கு வ.உ.சிதம்பரனார் ஒருவரே போதுமான காரணம். 1906 அக்டோபரில் அவர் பதிவு செய்த சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற கப்பல் நிறுவனத்தின் மூலதனம் பத்து லட்ச ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்தச் சங்கத்தின் தலைவர், 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் தமிழ்ச் சங்கம் சாலை வழியாக நாள்தோறும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் இறக்கி, ஊதிய உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றுத் தந்தார் வ.உ.சி. அந்த ஆலையை நடத்திய அதே ஹார்வி நிறுவனம்தான் நம்மூர் மதுரை மில்லையும் நடத்தியது. என் தாத்தா கடைசிவரை அதை ‘ஹார்வி மில்’ என்றே சொல்லி வந்தார். திருப்பரங்குன்றம் பக்கம் ஹார்விபட்டி என்ற பெயர் இன்னும் இருக்கிறது. வேலைநிறுத்தம் முடிந்த சில நாட்களில், மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைதானார். அவர் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்தபோது சங்கம் 1911இல் மூடப்பட்டது. கப்பல்களில் ஒன்று போட்டியாக இருந்த ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்துக்கே விற்கப்பட்டது என்பதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அவர் பிறந்த ஓட்டப்பிடாரத்தில் நினைவு இல்லம் உள்ளது. சொந்த வண்டியில் செல்பவர்கள் எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீட்டையும் பார்த்துவிட்டு, அப்படியே இங்கும் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம்.

இன்றைய பெரிய துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயரையே வைத்திருக்கிறார்கள். அதன் உள்ளே செல்ல அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கும் அப்படியே. எனவே பழைய துறைமுகத்துப் பக்கம் சென்று தோணிகளைப் பாருங்கள். மரத்தால் செய்த அந்தத் தோணிகளில் இன்றும் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருட்களும் போகின்றன.

உப்பளங்களைக் கோடையில் பார்க்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். நான் ஒரு சித்திரை மாதக் காலையில் சென்றிருந்தேன். ஏழு மணிக்குள் வெயில் பாத்தியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. கணுக்கால் அளவு உப்பு நீரில் நின்றபடி, நீளமான கழியில் பொருத்திய பலகையால் ஒரு பெண் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். “பக்கத்துல வந்து பாருங்க, ஆனா செருப்ப கழத்திப் போட்டுட்டு வராதீங்க, கால் கிழிஞ்சிரும்” என்றார். அவருடைய கால்களை அப்போதுதான் பார்த்தேன். குதிகால் முழுவதும் வெடிப்பு.

இரவு திரும்புமுன், ஊர்க்காரர்கள் ‘நைட் கிளப்’ என்றழைக்கும் பரோட்டாக் கடை எதிலாவது சாப்பிடுங்கள். பெயரைக் கேட்டுக் குடும்பத்தோடு தயங்க வேண்டியதில்லை. முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றால் செய்யும் மக்ரூனை வாங்க மறக்காதீர்கள். சைவ வீடுகளுக்குக் கொடுக்கும்போது முட்டை சேர்ந்தது என்று சொல்லிவிடுங்கள். பொட்டலத்தைப் பேருந்தில் பிரித்தால் காற்றுப் பட்டு நமுத்துவிடும், அதோடு பக்கத்து இருக்கைக்காரருக்கும் கொடுக்க வேண்டிவரும். என் அனுபவத்தில் அருப்புக்கோட்டை வருவதற்குள் பாதி தீர்ந்துவிடுகிறது.