ஐந்து நாள் இம்ப்ளான்ட் பயிற்சிக்கு நகையை அடகு வைக்கலாமா? பல் மருத்துவரின் தாய்க்கு ஒரு பதில்

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மகள் பி.டி.எஸ். முடித்து, இரண்டு ஆண்டுகளாகக் கொளத்தூரில் ஒரு கிளினிக்கில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார் என்றும், இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகு பொருத்தி, அதன்மேல் பல் கட்டும் இம்ப்ளான்ட் சிகிச்சையில் ஐந்து நாள் பயிற்சி ஒன்றில் சேர ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார் என்றும், அதற்காக அவர் பெயரில் சேர்த்து வைத்த நகையை அடகு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகள் மேலே கற்க நினைப்பது சரி, கற்றே ஆகவேண்டும். ஆனால் இந்தப் பயிற்சிக்காக இப்போது நகையை வைக்க வேண்டாம். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். பாதிக் கடிதம் அவருக்காக எழுதியது.

பி.டி.எஸ். என்பது நான்கு ஆண்டுப் பாடமும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் சேர்ந்த படிப்பு. பல் எடுப்பது, அடைப்பது, ரூட் கேனால், பல் செட் ஆகியவற்றை மாணவர் அதில் தம் கையால் செய்து பழகிவிடுகிறார். இம்ப்ளான்ட் பற்றிய பாடமும் உண்டு. ஆனால் ஒரு நோயாளியின் தாடை எலும்பில் தாமே இம்ப்ளான்ட் பொருத்தி, அது ஆறும்வரை கவனித்து, அதன்மேல் பல்லையும் கட்டி முடிக்கும் வாய்ப்பு கல்லூரிக் காலத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே தமக்கு ஏதோ குறைகிறது என்று மகள் உணர்வதில் தவறே இல்லை. பதிவைப் புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்விப் புள்ளிகளைக் கருத்தரங்குகளில் அமர்ந்தே சேர்த்துவிட முடியும் என்பதால், புள்ளிகளுக்காக இந்தச் செலவு தேவையில்லை. அவருக்கு வேண்டியது கைத்தேர்ச்சி.

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியத்தால் ஆன சிறு திருகு. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952இல் முயல்களின் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, உள்ளே வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாதபடி எலும்பு அதைப் பற்றிக்கொண்டிருந்ததைக் கண்டார். அந்தப் பிணைப்பை நம்பி 1965இல் முதல் நோயாளியின் தாடையில் டைட்டானிய வேர்களைப் பொருத்தினார். 1982இல் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் வட அமெரிக்கப் பல் மருத்துவர்கள் இந்த முறையைப் பரவலாக ஏற்றார்கள். இடைப்பட்ட 17 ஆண்டுகளும் பொருத்தியவற்றைத் தொடர்ந்து கவனித்து, கணக்கு வைத்து, காட்டுவதிலேயே கழிந்தன. அவருடைய முறையில் இம்ப்ளான்ட் வைத்தபின் கீழ்த்தாடைக்குச் சுமார் மூன்று மாதமும் மேல்தாடைக்குச் சுமார் ஆறு மாதமும் காத்திருந்துதான் மேலே பல் கட்டினார்கள். இன்று இந்தக் காலம் குறைந்திருக்கிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் வைப்பதும் நடக்கிறது. ஆனாலும் எலும்பு தன் வேலையை முடிக்க வாரங்களும் மாதங்களும் ஆகத்தான் செய்கின்றன. ஐந்து நாள் பயிற்சிக்குப் போகிறவர் தாம் வைத்த ஒரே ஒரு இம்ப்ளான்ட் எலும்போடு சேர்ந்ததா இல்லையா என்பதைக்கூடப் பார்க்காமல், சான்றிதழோடு வீடு திரும்புகிறார். எனக்கு உள்ள முதல் தயக்கம் இதுதான். அமெரிக்க இம்ப்ளான்ட் பல் மருத்துவக் கழகத்தின் மேக்ஸிகோர்ஸ் என்ற பயிற்சி 300 மணி நேரம் கொண்டது; ஐந்து நாள் என்பது நாளுக்கு எட்டு மணி வைத்தாலும் 40 மணி நேரம்தான்.

இரண்டாவது தயக்கம் இன்னும் பெரியது. அதைச் சொல்ல நம் வடசென்னையின் நோயாளிகளையே நினைத்துப் பார்க்க வேண்டும். காசிமேட்டிலிருந்தோ வியாசர்பாடியிலிருந்தோ ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வருகிறார். “மெல்ல முடியல டாக்டர், நாலு பல்லு கட்டி விடுங்க” என்கிறார். கீழ்க் கடைவாய்ப் பற்களை வலி வந்தபோதெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பத்து ஆண்டுகளாக அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார். எதிரே இருந்த மேல் பற்கள் அந்தக் காலியிடத்துக்குள் இறங்கி வந்துவிட்டன. பக்கத்துப் பல் சாய்ந்திருக்கிறது. மெல்லும் வேலை முழுவதும் முன்பற்கள்மேல் விழுந்ததால் அவை தேய்ந்து பாதியாகிவிட்டன. சர்க்கரை நோய் இருக்கிறது, பீடியும் உண்டு. இவருக்கு எலும்பில் திருகு வைக்கத் தெரிந்தவர் போதுமா? திருகு வைத்தாலும், இறங்கி வந்த மேல்பல் ஈறுக்கு அருகில் நிற்கும்போது, இடையில் பல் கட்ட இடம் எங்கே இருக்கிறது?

இத்தகைய வாயை மீட்டுக் கட்டுவதைத்தான் சிக்கலான சீரமைப்பு என்கிறார்கள். முதலில் இரண்டு தாடைகளுக்கும் அச்செடுத்து, மேல்தாடை மண்டையோடு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை ஃபேஸ்போ என்ற கருவியால் பதிந்து, அந்த மாதிரிகளைத் தாடையின் அசைவைப் போலவே அசையும் ஆர்டிகுலேட்டரில் பொருத்திப் பார்க்க வேண்டும். எந்தப் பல்லைக் காப்பாற்றலாம், எதை எடுக்க வேண்டும், மேல், கீழ்ப் பற்கள் சேரும் கடியின் உயரத்தை எவ்வளவு கூட்டலாம் என்பதை மெழுகில் கட்டிப் பார்த்து, பிறகு தற்காலிகப் பற்களாக வாயில் வைத்து, சில வாரங்கள் அவர் சாப்பிட்டும் பேசியும் பழகுகிறாரா, தாடை மூட்டு வலிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இம்ப்ளான்ட் எங்கே, எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. மேலே வரப்போகும் பல்லை முதலில் தீர்மானித்துவிட்டு, அதைத் தாங்கும்படி கீழே திருகின் இடத்தைத் தேடுவதே இத்துறையில் தேர்ந்தவர்களின் வழி. அவசரப் பயிற்சிகளில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. எலும்பு இருக்கும் இடத்தில் திருகை வைத்துவிட்டு, பல்லை எப்படியாவது அதன்மேல் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பாக்கும் புகையிலையும் கலந்த மாவா போடுகிறவர்களைப் பற்றியும் மகளிடம் தனியாகச் சொல்லுங்கள். நம் பகுதியில் இளைஞர்களிடம்கூட அந்தப் பழக்கம் இருப்பதை நீங்களே அறிவீர்கள். பாக்கினால் வாயின் உட்புறச் சவ்வு இறுகி, வாய் திறப்பதே குறைந்துவிடுகிறது. இரண்டு விரல் நுழையாத வாய்க்குள் கடைவாய்ப் பகுதி வரை துளைக் கருவியைக் கொண்டுபோக முடியாது. அதைவிட முக்கியமாக, அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. அத்தகைய வாயைப் பார்க்கும் மருத்துவர் பல் கட்டும் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த நோயாளியை உரிய பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எந்த நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைக்கக் கூடாது என்பதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாடத்திட்டத்தில் தேடிப் பாருங்கள். பயிற்சியின் தரத்தை நான் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் பல் மருத்துவர் தம் தந்தையுடன் என்னிடம் வந்தார். அவரும் கடன் வாங்கி ஒரு குறுகிய பயிற்சி முடித்திருந்தார். தனியாகச் செய்த தொடக்க சிகிச்சைகளில் ஒன்றில், கீழ்த்தாடையின் உள்ளே ஓடும் நரம்புக்கு மிக நெருக்கமாக இம்ப்ளான்ட் இறங்கிவிட்டது. அந்த நரம்புக்கு மேலே குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மில்லிமீட்டர், இரண்டு இம்ப்ளான்ட்களுக்கு இடையே 3 மில்லிமீட்டர் என்ற கணக்குகளையும் மனப்பாடமாகச் சொன்னார். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுக்காமல் சாதாரண எக்ஸ்ரேயை நம்பி ஆழத்தைக் கணித்ததும், பக்கத்தில் நின்று “நிறுத்து” என்று சொல்ல ஒருவர் இல்லாததும்தான் பிழையாகிவிட்டன. நோயாளிக்கு உதடு மரத்துப்போய் மாதக்கணக்கில் திரும்பவில்லை. அந்த இளைஞர் அதன்பின் இரண்டு ஆண்டுகள் இம்ப்ளான்ட் கருவியைத் தொடவில்லை. கடன் தவணை மட்டும் தவறாமல் போனது. அந்தத் தந்தையின் முகம் இன்றும் நினைவில் இருப்பதால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி வழியைப் பார்ப்போம். அடுத்த ஓராண்டுக்கு மகள் இருக்கும் பற்களைக் காப்பதிலும் கட்டுவதிலும் கையைத் தேற்றிக்கொள்ளட்டும். ரூட் கேனால் செய்த பல்லில் ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அளவுக்காவது ஆரோக்கியமான பல் மிஞ்சியிருந்தால்தான் அதன்மேல் உறையாகக் கட்டும் கிரவுன் நீடித்து நிற்கும். அதை மிச்சப்படுத்துவது எப்படி, மிச்சம் இல்லாதபோது என்ன செய்வது என்பதில் தெளிவு வந்தாலே பல நோயாளிகளுக்கு இம்ப்ளான்ட் தேவைப்படாது. ஒவ்வொரு நோயாளிக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் புகைப்படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விடுமுறை நாட்களில் பல் லேபில் போய் உட்காரச் சொல்லுங்கள். தாம் அனுப்பிய அச்சில் கிரவுன் செய்கிற டெக்னீஷியன் எங்கே திணறுகிறார் என்பதை நேரில் பார்ப்பதற்கு இணையான பாடம் குறைவு. அதற்குக் கட்டணமும் இல்லை. பணம் செலவழிக்க வேண்டுமென்றால், கண்ணில் அணியும் உருப்பெருக்கிக் கண்ணாடியான நல்ல லூப்ஸ் ஒன்றும், கடி குறித்த முறையான பயிற்சி ஒன்றும் முதலில் வரட்டும். இம்ப்ளான்ட் பெட்டியை இப்போது வாங்க வேண்டாம்.

மகள் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு இம்ப்ளான்ட் வைக்கக் கன்சல்டன்ட் ஒருவர் வந்துபோவார் என்று நினைக்கிறேன். பல கிளினிக்குகளில் அதுதான் நடைமுறை. அவருக்கு உதவியாளராக நிற்கவும், திட்டமிடும்போது உடனிருக்கவும், அவர் வைத்த இம்ப்ளான்ட்மேல் பல் கட்டும் பகுதியைத் தாம் செய்யவும் அனுமதி கேட்கட்டும். இருபது, முப்பது நோயாளிகளை இப்படித் தொடக்கம் முதல் இறுதிவரை பார்த்தவர் பயிற்சியில் சேரும்போது, அங்கே கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும். கிளினிக் உரிமையாளர் இதற்கு இசையவில்லையென்றால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு மாறலாம். சம்பளக் குறைவைப் பார்த்து நீங்கள் வருந்துவீர்கள் என்பது தெரியும். அதையும் பயிற்சிக் கட்டணத்தின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

அதன்பின் இம்ப்ளான்ட் பயிற்சிக்கு வரலாம். ஒரே மூச்சில் முடிவதைவிட, மாதம் ஒருமுறை கூடி ஓராண்டு நீளும் பயிற்சியைத் தேடுங்கள். சேரும் முன் மகள் நேரில் சென்று சிலவற்றைக் கேட்டே ஆகவேண்டும். எத்தனை இம்ப்ளான்ட்களைத் தம் கையால் நோயாளிக்கு வைக்கலாம், எத்தனை பிளாஸ்டிக் தாடையில் மட்டும். அறுவையின்போது பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் எத்தனை மாணவர்களுக்கு ஒருவர். அதே நோயாளிக்குப் பல்லையும் மாணவரே கட்டுவாரா. ஓராண்டு கழித்து அவர்களை அழைத்துப் பார்க்கிறார்களா. தோல்வியுற்ற சிகிச்சைகளைப் பாடமாகக் காட்டுகிறார்களா. நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிகளில் நல்லவையும் உண்டு, ஆனால் அங்கே அந்த நிறுவனத்தின் திருகே எல்லாவற்றுக்கும் விடையாகிவிடும். பத்து ஆண்டு கழித்துத் திருகின் மேற்பாகம் தளர்ந்தால் அதற்குரிய உதிரி பாகம் சந்தையில் கிடைக்க வேண்டும் என்பதையும் யோசித்துத்தான் திருகைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.டி.ஐ. என்ற பன்னாட்டு இம்ப்ளான்ட் துறை அமைப்பு 1980 முதல் இயங்குகிறது. சிகிச்சைகளை எளியவை, மேம்பட்டவை, சிக்கலானவை என மூன்றாகப் பிரிக்கும் அதன் முறை பல நாடுகளில் பயன்படுகிறது. மகள் தம்மிடம் வரும் ஒவ்வொரு நோயாளியையும் அந்த மூன்றில் ஒன்றில் வைத்துப் பார்க்கப் பழகட்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு எளியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மேல்தாடையில் சைனஸ் அருகே எலும்பு சேர்க்க வேண்டியவை, முன்பல் அழகு சம்பந்தப்பட்டவை, வாய் முழுவதும் கட்ட வேண்டியவை ஆகியவற்றை அனுபவம் உள்ளவருக்கு அனுப்பிவிட்டு, தாமும் கூடப் போய் நிற்கட்டும்.

எம்.டி.எஸ். பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீட்-எம்.டி.எஸ். தேர்வு எழுதிச் சேரும் மூன்றாண்டு மேற்படிப்பு அது. தம்மைச் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அந்தப் பட்டம் தருகிறது. ஃபெல்லோஷிப் என்ற பெயரில் வழங்கப்படும் தனியார் சான்றிதழ்கள் தருவதில்லை. மகளின் விருப்பத்துக்குச் செயற்கைப்பல் துறையான பிராஸ்தோடான்டிக்ஸ் மிகப் பொருந்தும். கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே, 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அரசு இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் எடுக்க முடியும் என்றால், மற்ற எல்லாப் பயிற்சிகளையும் தள்ளி வைத்துவிட்டு ஓராண்டு அதற்கே படிக்கலாம். தனியார் கல்லூரிக்குப் பெரும் கடன் வாங்கி மட்டும் இதில் இறங்க வேண்டாம். அந்தச் சூழலில் நான் மேலே சொன்ன படிப்படியான வழியே உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது.

மகள் இந்த இரண்டு ஆண்டுகளில் செய்த கிரவுன், பிரிட்ஜ், ரூட் கேனால் ஆகியவற்றின் எண்ணிக்கையையும், திரும்ப வந்த நோயாளிகள் என்ன குறை சொன்னார்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வரட்டும். சனிக்கிழமை மாலை பெரம்பூர் அலுவலகத்தில் இருப்பேன். அந்த நோட்டை வைத்துக்கொண்டு, முதலில் எந்தப் பயிற்சி, அதற்கு எந்த மாதம், கையில் எவ்வளவு பணம் என்று மூவருமாக உட்கார்ந்து கணக்குப் போடலாம். நகை அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.