யாஷிகா மேட் 124ஜி: பூஞ்சை என்று சொல்லி வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்

செங்கோட்டை நண்பரே, தாத்தாவின் ஸ்டூடியோ ஃபிலிம் கேமராவான யாஷிகா மேட் 124ஜியைப் புனலூர் வியாபாரி ‘லென்ஸில் பூஞ்சை, வெளிச்சம் அளக்கும் மீட்டரும் வேலை செய்யவில்லை’ என்று விலையைக் குறைத்துக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் பூஞ்சை எந்த லென்ஸில் என்று பாருங்கள். இந்தக் கேமராவில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு மட்டும்தான். படம் எடுப்பது கீழ் லென்ஸ். பின்கதவைத் திறந்து, ஷட்டர் வேகத்தை ‘பி’யில் (பட்டனை அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) வைத்து, பக்கத்திலுள்ள கைப்பிடியான கிராங்கைச் சுற்றி, பட்டனை அமுக்கிப் பிடித்தபடி டார்ச் அடியுங்கள். சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கிளைகள் தெரிந்தால் பூஞ்சைதான். ஓரத்தோடு நின்றிருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது, சுத்தம் செய்துவிடலாம். லென்ஸ் மேலுள்ள பூச்சான கோட்டிங்கை அரித்திருந்தால்தான் விலை இறங்கும். சாரல் அடிக்கிற ஊரில் தோல் உறைக்குள்ளேயே கிடந்தால் பூஞ்சை வரத்தான் செய்யும். இன்றே வெளியே எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

மீட்டருக்கான 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பிலேயே இல்லை. காது கேட்கும் கருவிக்குப் போடும் 1.4 வோல்ட் பேட்டரியை அளவு பொருந்த ஒரு வளையம் வைத்துப் போட்டு, மேல்மூடியைத் திறந்தால் முள் அசைகிறதா பாருங்கள். அசையாவிட்டாலும் பரவாயில்லை, ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி இல்லாமலே படம் எடுக்கலாம். செல்ஃப் டைமரை மட்டும் தொடாதீர்கள், பழைய கேமராவில் அது சிக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், நெகட்டிவ் பெட்டியையும் சேர்த்துக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரோலுக்கு 12 படம்தான் என்பதால் பார்த்துப் பார்த்து எடுத்து, நெகட்டிவிலேயே பென்சிலால் டச்சிங் செய்து குறைகளைச் சரிசெய்த காலம் அது. உங்கள் ஊர்க் கல்யாணங்கள் அத்தனையும் அதில்தான் இருக்கும். கேமராவை மட்டும், ஃபிலிமில் படம் எடுக்கிற யாருக்காவது நேரடியாகவே விற்றுவிடுங்கள்.